சிரஸ்தாரைத் தாண்டினால்தான் நீதிபதி!

சினிமா கோர்ட்டில் எல்லாமே கூண்டுக்கும் நீதிபதி மேடைக்கும் நடுவில் நடந்து முடிந்துவிடும். நிஜ கோர்ட்டின் சுவாரஸ்யம் முழுக்க அதற்குப் பின்னால், வழக்குக் கட்டுகள் கூரையைத் தொடும் அறைகளில்தான் இருக்கிறது! தமிழ்நாட்டின் ஒரு மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள் ஒரு ரவுண்டு போய்வருவோமா? செல்போனை மட்டும் அணைத்துவிடுங்கள். நீதிபதி கண்ணில் படுவதற்கு முன்பே, அவருடைய உதவியாளரான டவாலியின் கண்ணில் அது பட்டுவிடும்.

முதலில் வளாகத்தின் பெரியவர்: முதன்மை மாவட்ட நீதிபதி. ஆள் ஒருவர்தான், வேடம் இரண்டு! சொத்து வழக்கைக் கையில் எடுத்தால் மாவட்ட நீதிபதி. கொலை வழக்கு என்றால் அதே நாற்காலியில் அமர்வு நீதிபதி. தீர்ப்பு எழுதுவதோடு வேலை முடிவதில்லை. எந்த வழக்கை எந்தக் கூடுதல் நீதிமன்றத்துக்கு அனுப்புவது, மாவட்டத்தின் சப் கோர்ட், முன்சீப் கோர்ட்டுகளை எப்போது ஆய்வு செய்வது என்பதெல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும். போதாததற்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அவர்தான் தலைவர். அந்தக் குழு நடத்தும் லோக் அதாலத்தில் ராசியாகிவிட்டால் மேல்முறையீடே கிடையாது; கட்டிய கோர்ட் கட்டணமும் கைக்குத் திரும்பிவிடும்!

பெரியவருக்கும் மேலே ஒரு பெரியவர் உண்டு. அரசியலமைப்பின் 235ஆவது பிரிவுப்படி கீழமை நீதிமன்றங்களின் கடிவாளம் உயர் நீதிமன்றத்தின் கையில். ஒவ்வொரு மாவட்டத்தையும் கவனித்துக்கொள்ள ஓர் உயர் நீதிமன்ற நீதிபதி இருக்கிறார். வளாகத்தில் அவருக்குப் பெயர் ‘போர்ட்ஃபோலியோ ஜட்ஜ்’. அவர் வருகிறார் என்று சொன்னாலே போதும், பதிவேடுகள் தூசி தட்டிக்கொண்டு எழுந்து நிற்கும்.

அடுத்து, தாக்கலாகும் வழக்குகளைச் சரிபார்க்கும் அலுவலரான சிரஸ்தாரின் அறை. யார் கொண்டுவந்த பிராதும் நேராக நீதிபதியிடம் போய்விடாது. மதிப்பீடு சரியா, கோர்ட் கட்டணம் சரியா, சொத்து இந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் இருக்கிறதா, வக்காலத்தில் வக்கீல் சேமநல நிதி ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறதா... ஒன்று பிசகினாலும் ‘ரிட்டர்ன்’! குறைகளை வரிசையாக எழுதி, திருத்திக் கொண்டுவரக் கெடுவும் போட்டுத் திருப்பிவிடுவார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் நாட்டின் பெரும்பகுதிக்குப் பொது. உள்ளூர் நடைமுறையைச் சொல்வது உயர் நீதிமன்றம் வகுத்த ‘சிவில் ரூல்ஸ் ஆஃப் பிராக்டிஸ்’. கிரிமினல் பக்கத்துக்கு 2019இல் புதிய விதித்தொகுப்பே வந்துவிட்டது. ஆவணத்துக்கு எண் போடுவதில்கூட முறை உண்டு: சிவில் வழக்கில் வாதி தரப்பு ஆவணம் ‘ஏ1’, பிரதிவாதி தரப்பு ‘பி1’. தமிழ்த் தீர்ப்பில் அதே ‘ஏ1’, ‘வா.சா.ஆ.1’ ஆகிவிடும்.

காலை பத்தரை. பெஞ்ச் கிளார்க் வழக்கு எண்களைப் படபடவென்று கூப்பிடுகிறார். “பேட்டா கட்டலை”, “பதிலுரைக்கு டைம்”, “வாய்தா”... ஒரு வழக்குக்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை. சம்மனைக் கொண்டுசேர்க்கும் கட்டணமான பேட்டாவைக் கட்ட மறந்தவர் வழக்கையே கோட்டைவிடலாம். அன்றைக்கு நடந்தது அத்தனையும் ‘ஏ டைரி’யில் ஏறிவிடும். நாளைக்கு யாராவது “நான் வந்தேனே, என் பெயரையே கூப்பிடலையே” என்றால் அந்த டைரிதான் பதில் சொல்லும்.

நாசர் பிரிவுக்கு வாருங்கள், இது இன்னும் ரகளை! கோர்ட் உத்தரவுகளை நிறைவேற்றும் அமீனாக்கள் கிளம்பும் இடம் இதுதான். சொத்து ஜப்தியைத் தண்டோரா போட்டு அறிவிக்கும் விதி இன்றும் சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருக்கிறது. கடனைக் கட்டாதவரைச் சிவில் சிறையில் போடலாம். ஆனால் அவருடைய சாப்பாட்டுச் செலவுக்குப் பணம் கட்ட வேண்டியவர் கடன் கொடுத்தவர்! பிடிக்கப் போகிறவர் பொழுது சாய்ந்தபின் வீட்டுக்குள் நுழையவும் கூடாது. பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது.

கடைசியாக நகல் பிரிவு. சான்றிட்ட நகலைத் திருப்பிப் பாருங்கள், ஒரு முத்திரை இருக்கும். மனு கொடுத்த தேதி, பணம் கட்டச் சொன்ன தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கையில் கொடுத்த தேதி எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பார்க்கச் சாதாரணக் கட்டம்தான், ஆனால் மேல்முறையீட்டின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது. முன்சீப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள் கெடு. நகல் எடுக்க ஆன நாட்கள் அந்தக் கணக்கில் கழிந்துவிடும்; நீங்கள் மனுப் போடாமல் சும்மா இருந்த நாட்கள் கழியாது.

ஆகவே வழக்கு உள்ளவர்களே, தீர்ப்பு எதுவானாலும் அன்றைக்கே நகலுக்கு மனுப் போட்டுவிடுங்கள். அழுவதோ லட்டு வாங்குவதோ அதற்கப்புறம் இருக்கட்டும்.