விருதுநகரில் எத்தனை பேருக்கு ஐ.பி.எஸ்.?

போலீஸ் ஐ.பி.எஸ். இல்லை, இது வயிறு சம்பந்தப்பட்டது. குடல் எரிச்சல் நோய் என்று எழுதுகிறார்கள். எங்க சிவகாசிப் பக்கம் யாரும் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அடிக்கடி வயிற்றுவலி, கூடவே வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல், சிலருக்கு ரெண்டும் மாறி மாறி. ஸ்கேன், ஸ்கோப், ரத்தப் பரிசோதனை எதிலும் ஒன்றும் தெரியாது. "உங்களுக்கு ஒண்ணுமில்லை" என்று அனுப்பப்படுகிற ஆள், மறுநாள் காலை வேலைக்குப் பஸ் ஏறும் முன் மூன்று தடவை கக்கூஸ் போய் வருவார்.

இப்படி எத்தனை பேர்? 2011 கணக்கெடுப்பில் விருதுநகர் மாவட்ட மக்கள்தொகை 19.42 லட்சம். அதில் பெரியவர்கள் சுமார் 14 லட்சம்னு வச்சுக்குவோம்.

ரோம் அறக்கட்டளை 33 நாடுகளில் 73,076 பேரிடம் நடத்திய ஆய்வு 2021இல் அச்சில் வந்தது. சில நாடுகளில் இணையம் வழியாகக் கேட்டார்கள். இந்தியா உட்பட சில நாடுகளில் வீட்டுக்கே போய்க் கேட்டார்கள். ரோம் 3 என்ற பழைய வரையறைப்படி இணையத்தில் 10.1 சதவீதம் பேருக்கு ஐ.பி.எஸ்., வீட்டில் கேட்டபோது 3.5. ரோம் 4 என்ற புதிய வரையறைப்படி இணையத்தில் 4.1, வீட்டில் 1.5.

இதை நம்ம மாவட்டத்துக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கணக்கில் 1,41,000 நோயாளிகள். இன்னொரு கணக்கில் 21,000. அதே ஊர், அதே வயிறு. 1,20,000 பேர் எங்கே போனார்கள்?

பாதிப் பேரை வரையறையே எடுத்துக்கொண்டது. ரோம் 3இல் மாதத்தில் மூன்று நாள் வலியோ அசௌகரியமோ இருந்தால் போதும். 2016இல் வந்த ரோம் 4இல் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வலி இருக்கணும். 'அசௌகரியம்' என்ற சொல்லையே தூக்கிவிட்டார்கள், பல மொழிகளில் அதற்குச் சரியான பொருள் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். நியாயம்தான். ஆனால் எங்க ஊரில் என்ன சொல்வார்கள்? வயிறு பொருமுது. திம்முன்னு இருக்கு. பிசையுது. கேஸ் அடைக்குது. இதில் எது வலி? "வலி இருக்கா?" என்று கேட்டால், "வலியெல்லாம் இல்லைங்க, ஒரு மாதிரியா இருக்கும்" என்பார்கள். அந்த 'ஒரு மாதிரி' ரோம் 4இல் கணக்கில் வராது.

அடுத்தது கேட்கிற இடம். இணையத்தில் கேட்ட நாடுகளும் வீட்டில் கேட்ட நாடுகளும் பெரும்பாலும் வேறு வேறு. அதனால் வித்தியாசம் முழுவதையும் கேட்ட முறையின் மேல் போட முடியாது. இருந்தாலும் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, முன்பின் தெரியாதவர் பேப்பரும் கையுமாக வந்து மலம் எப்படிப் போகிறது என்று கேட்டால் மருமகள் என்ன சொல்வாள்?

இந்தியாவிலேயே நடந்த ஆய்வுகளும் உண்டு. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் கேட்டபோது சுமார் 4 சதவீதம். இந்திய இரைப்பை குடலியல் சங்கத்தின் குழு 2008இல் வெளியிட்டதில் 4.2. எனக்கு அந்த 2008 ஆய்வில் இன்னொரு விஷயம்தான் முக்கியமாகப் பட்டது. மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளில் ஆண்கள்தான் அதிகம். ஆனால் ஊருக்குள் கேட்டபோது ஆண், பெண் இருவரிடமும் ஏறக்குறைய ஒரே அளவு. நோய் பெண்களிடமும் இருக்கிறது, டாக்டரிடம் வருவதுதான் குறைவு.

பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகிற பெண்களை நினைத்தால் இதில் ஆச்சரியம் இல்லை. பீஸ் ரேட் கூலியில் எழுந்து போகிற ஒவ்வொரு தடவையும் காசு குறையும். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஜெலுசில், வீட்டில் ஓமத் தண்ணி, அதோடு சரி. பழி எப்போதும் எண்ணெய் பரோட்டா மேல்தான்! வெடிமருந்தால் இந்த நோய் வருகிறது என்று நான் சொல்லவில்லை. தெரிந்த காரணம் ஒன்று அதைவிடச் சாதாரணமானது. கிருமியால் வரும் வயிற்றுப்போக்குக்குப் பிறகு, பத்தில் ஒருவருக்கு மேல் ஐ.பி.எஸ். தொடர்கிறது என்று 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். அப்படியானால் குடிதண்ணீர்க் குழாயையும் இந்தக் கணக்கில் சேர்க்கணும்.

வீட்டில் யாராவது வருஷக்கணக்கில் "ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தால் இதையும் கேளுங்க: மலத்தில் ரத்தம் போகுதா, எடை குறையுதா, ரத்தசோகை இருக்கா, தூக்கத்திலிருந்து எழுப்புகிற அளவுக்கு வயிற்றுப்போக்கு வருதா, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கியதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அதை ஐ.பி.எஸ். என்று விட்டுவிடக் கூடாது. கூலி போனாலும் டாக்டரிடம் கூட்டிப் போய்விடுங்க.