ஓசூர் லேத்துக்கு யார் எஜமான்?

ஓசூர் சிப்காட்டில் ஏதேனும் ஒரு ஜாப் ஒர்க் பட்டறைக்குள் நுழைந்து சி.என்.சி. லேத்தின் கட்டுப்பாட்டுத் திரையைப் பாருங்கள். பெரும்பாலும் ஜப்பானின் ஃபானுக் அல்லது ஜெர்மனியின் சீமென்ஸ் பெயர்தான் தெரியும். லேத் பெங்களூரிலோ கோவையிலோ செய்ததாக இருக்கலாம். டிராயிங் போடும் மென்பொருள் பெரும்பாலும் அமெரிக்காவுடையது, இல்லையென்றால் பிரான்சுடையது. பாகத்தை வெட்டுவது நம் ஆபரேட்டர். லேத்தை ஆட்டிவைப்பது அயல்நாட்டு மென்பொருள்.

இதில் என்ன ஆபத்து என்பதை 2025 ஜூலையில் நயாரா எனர்ஜி அனுபவித்தது. குஜராத் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் எண்ணெய் சுத்திகரிக்கும் நிறுவனம் அது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்கு அதில் பங்கு உண்டு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. இந்தியா அந்தத் தடையை ஏற்கவில்லை. ஆனாலும் சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய மின்னஞ்சலை ஊழியர்களால் திறக்க முடியவில்லை. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகே சேவை திரும்பியது.

பெரிய நிறுவனம் வழக்குப் போடும். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை என்ன செய்யும்? ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க், 2016-லேயே புதிய நிரந்தர லைசென்ஸ் விற்பதைக் கைவிட்டு சந்தா முறைக்கு மாறிவிட்டது. சந்தா நின்றால், நாமே போட்ட டிராயிங்கைக்கூட அதில் திருத்த முடியாது.

சொந்த மென்பொருள் செய்வது நம்மால் முடியாத வேலையல்ல. அதே பட்டறையின் கணக்கும் ஜி.எஸ்.டி. பில்லும் ஓடுவது பெரும்பாலும் டேலியில்தான். எஸ்.எஸ். கோயங்காவும் மகன் பாரத் கோயங்காவும் 1986-ல் தொடங்கிய நிறுவனம். தலைமையகம் பக்கத்து பெங்களூர். மத்திய அரசு தன் ஊழியர்களின் மின்னஞ்சலைச் சென்னையின் ஜோஹோ தளத்துக்கு மாற்றியிருக்கிறது. இந்த மாற்றம் அலுவலக மேசையோடு நின்றுவிடாமல் பட்டறைத் தளத்துக்கும் வர வேண்டும்.

முதல் வேலை வகுப்பறையில். மாணவர் எந்த மென்பொருளில் பழகுகிறாரோ, அதையே வேலைக்குப் போன இடத்திலும் கேட்பார். ஓசூர் இருக்கும் மாவட்டத்திலேயே உள்ள பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலும் ஐ.டி.ஐ.க்களிலும் இலவச, திறந்த மூல மென்பொருளான ஃப்ரீகேடையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கலாம். பட்டறைகள் ஒவ்வொரு முப்பரிமாண மாடலையும் பெரும்பாலான கேட் மென்பொருள்களில் திறக்கும் ஸ்டெப் வடிவில் ஒரு பிரதி எடுத்து வைப்பதற்குச் செலவே இல்லை.

கட்டுப்பாட்டுக் கருவிதான் கடினம். உள்நாட்டில் செய்வது முதல் நாளே ஃபானுக் போல ஓடாது. குறையோடு வாங்கி, குறையைச் சொல்லித் திருத்தவைக்கும் வாடிக்கையாளர் தேவை. சிறு பட்டறையால் அந்த நஷ்டத்தைத் தாங்க முடியாது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் டைட்டனும் இயங்கும் ஊர் இது. முதல் ஆர்டர் அத்தகைய பெரிய ஆலைகளிலிருந்துதான் வர வேண்டும்.