குதிரையின் வலி நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்

நாய்க்கு வலித்தால் முனகும். மாட்டுக்கு வலித்தால் கத்தும். குதிரை பெரும்பாலும் சத்தமே போடாது. திறந்த வெளியில் கூட்டமாக வாழ்ந்து, வேட்டை விலங்குகளுக்கு இரையான இனம் அது. பலவீனத்தை வெளியே காட்டினால் உயிர் போகும் என்பது அதன் உடம்பில் ஊறிய பாடம். அதனால்தான் மெரினா மணலிலும், ஊட்டி ஏரிக் கரையிலும், கொடைக்கானல் சாலையிலும் சவாரிக்கு நிற்கும் குதிரை நோவோடு நிற்கிறதா, ஓய்வாக நிற்கிறதா என்பது பலருக்குப் புரிவதில்லை. மருத்துவர் வந்து சேரும்போது பல நேரம் நோய் முற்றியிருக்கும். குதிரை வைத்தியத்தில் பாதி வேலை, வலியைச் சீக்கிரம் கண்டுகொள்வதில் இருக்கிறது. அதைச் செய்ய வேண்டியவர் தினமும் தீனி வைக்கிறவர்.

வாந்தி எடுக்க முடியாத வயிறு

குதிரைகளின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் முன்வரிசையில் இருப்பது வயிற்று வலி. ‘கோலிக்’ என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் உள்ள தசை இறுக்கமாக மூடிக்கொள்வதால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே வாயுவோ நீரோ பெருகினால் மேலே வர வழி இல்லை. இரைப்பையே கிழிந்துவிடலாம்.

முன்னங்காலால் தரையைச் சுரண்டுவது, விலாப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, மேலுதட்டைச் சுருட்டுவது, படுத்து எழுந்து மறுபடி படுப்பது, வேலை செய்யாமலே வியர்ப்பது, லத்தி போடாமல் இருப்பது: இவற்றில் இரண்டு தெரிந்தாலே போதும், தீனியை எடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். அவர் வரும்வரை நாடி பாருங்கள். கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல்களை வைத்து மெல்ல அழுத்தினால், பென்சில் பருமனில் ஒரு ரத்தக்குழாய் உருளும். அதில் துடிப்பு தெரியும். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு இயல்பு. 60-ஐத் தாண்டி அப்படியே நின்றால் நிலைமை கடுமையானது. பிறகு உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். இந்த இரண்டையும் போனில் சொன்னாலே மருத்துவர் அவசரத்தைப் புரிந்துகொள்வார்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. எண்ணெயையோ கஷாயத்தையோ பாட்டிலில் ஊற்றி வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ புகட்டாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்து, வயிற்று வலியில் பிழைத்த குதிரை இதில் சாகும். மருத்துவர் மூக்கு வழியாக இரைப்பை வரை குழாய் செலுத்துவது வேறு. தேங்கிய வாயுவும் நீரும் அதில் வெளியேறும். அடைப்பு எங்கே என்பதற்கும் துப்புக் கிடைக்கும். குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி, அதுவும் சில மணி நேரத்துக்குள்.

மணலும் பிளாஸ்டிக்கும்

கடற்கரைக் குதிரைகளுக்குத் தனியாக ஓர் ஆபத்து உண்டு. புல்லை மணலிலேயே போட்டால், ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் மணல் உள்ளே போகும். அது பெருங்குடலின் அடியில் படிந்து கனக்கும். சோதிக்கச் செலவே இல்லை. தரையில் படாத லத்தி உருண்டைகள் சிலவற்றை நீளமான பிளாஸ்டிக் கையுறையில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, விரல்கள் கீழே இருக்கும்படி கால் மணி நேரம் தொங்கவிடுங்கள். விரல் நுனிகளில் மணல் இறங்கி நின்றால் குடலிலும் இருக்கிறது என்று அர்த்தம். நாம் மலச்சிக்கலுக்குச் சாப்பிடும் இசப்கோல் உமியையே மருத்துவர்கள் இதற்கும் தருகிறார்கள்; அளவை அவர்கள்தான் சொல்ல வேண்டும். தீனியைத் தொட்டியிலோ ரப்பர் விரிப்பிலோ வைத்தால் பாதித் தொல்லை வராது. மலை ஊர்களில் சாலையோரக் குப்பையை மேயும் குதிரைகளுக்கு மணலுக்குப் பதில் பிளாஸ்டிக் பை. சவாரி முடிந்ததும் குதிரையைத் தெருவில் அவிழ்த்து விடுவதை எந்தச் சமாதானம் சொன்னாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

குளம்பில் ஏறிய ஆணி

ஆணி குத்தியதைப் பார்த்ததும் பிடுங்கத்தான் கை போகும். முடிந்தால் விட்டுவையுங்கள். குளம்பின் நடுப்பகுதியில் ஏறிய ஆணி, உள்ளே மூட்டையோ தசைநாணையோ தொட்டிருக்கலாம். ஆணியோடு எக்ஸ்ரே எடுத்தால்தான் அது தெரியும். குதிரை அதை ஊன்றி மேலும் ஏற்றிக்கொள்ளும் நிலை என்றால் பிடுங்கத்தான் வேண்டும். அப்போது எந்த இடம், எந்தச் சாய்வு, எவ்வளவு ஆழம் என்று போனில் படம் எடுத்து வையுங்கள்.

அந்தச் சின்னத் துளைக்குள் ரண ஜன்னி எனும் டெட்டனஸ் கிருமி இருக்கலாம். வீட்டு விலங்குகளில் டெட்டனஸுக்கு மிக எளிதில் ஆளாவது குதிரைதான். காயம் ஆறிய பிறகுகூட, ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் நோய் தலைகாட்டும். கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு குறுக்கே பாயும். காது விறைக்கும், வால் தூக்கி நிற்கும், தாடை பூட்டிக்கொள்ளும். இருட்டான, அமைதியான கொட்டிலில் வைத்து மருந்து கொடுத்தாலும் பல குதிரைகள் பிழைப்பதில்லை. ஆனால் தடுப்பூசி விலை குறைந்தது, நம்பகமானது. நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று.

பாம்புக்கடிக்கு நமக்குப் போடும் விஷமுறிவு மருந்தும் குதிரையின் ரத்தத்திலிருந்துதான் வருகிறது. சிறிது சிறிதாக விஷம் செலுத்தி, அதன் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பிரித்து எடுக்கிறார்கள். நம் உயிரைக் காக்கும் பிராணிக்கு ஆண்டுக்கு ஓர் ஊசி போடாமல் விடுவது நன்றிகெட்ட செயல்.

தீனி மிகுந்தால் கால் போகும்

குளம்புக்குள் இருக்கும் எலும்பு, சுமார் 600 மெல்லிய மடிப்புகளால் குளம்புச் சுவரோடு பிணைந்து தொங்குகிறது. கொள்ளோ கோதுமையோ அளவுக்கு மேல் தின்றுவிட்டாலும், கல்யாண வீட்டில் ஆசையாகச் சோறும் இனிப்பும் ஊட்டினாலும், இந்த மடிப்புகள் வீங்கிப் பிணைப்பு விட்டுப்போகலாம். இதுதான் ‘லாமினைட்டிஸ்’. குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னால் சாய்த்து நிற்கும். குளம்பைத் தொட்டால் சூடு தெரியும். உடனே ஐஸ் தண்ணீரில் காலை நிறுத்தி, நடக்க வைக்காமல், மருத்துவரை அழைக்க வேண்டும்.

ஒரு கால் முறிந்து மற்றக் கால்களில் பாரம் ஏறினாலும் இதே நோய் வரும். அமெரிக்காவில் 2006 மே மாதம் பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கிய பார்பரோ என்ற குதிரைக்கு உயர்தர அறுவை சிகிச்சை கிடைத்தது. முறிந்த எலும்பு பெருமளவு கூடியும் வந்தது. ஆனால் மற்றக் குளம்புகளில் லாமினைட்டிஸ் வந்து, 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது.

இன்னொரு எச்சரிக்கை: கோழித் தீவனத்தைக் குதிரைக்கு வைக்காதீர்கள். அதில் கலக்கும் மோனென்சின் என்ற மருந்து கோழிக்கு நல்லது. குதிரையின் இதயத்துக்கு விஷம்.

காயத்தில் கரியும் ஆயிலும் வேண்டாம்

முழங்காலுக்குக் கீழே சதை இல்லை. தோலும் நாணும் எலும்பும்தான். அங்கே ஏற்படும் காயம் மெதுவாக ஆறும், புதுச்சதை மிகையாக வளர்ந்து பிதுங்கும். சுண்ணாம்பு, கரித்தூள், வண்டி ஆயில் எல்லாம் அந்தச் சதையை மேலும் கெடுக்கும். உப்பு நீரில் கழுவி, சுத்தமான துணியால் கட்டி, ஈ மொய்க்காமல் காத்தால் போதும். காயம் மூட்டுக்கு அருகில் இருந்தால், எவ்வளவு சிறியதானாலும் அன்றே காட்டுங்கள்.

நமக்கும் தொற்றும் நோய்

மூக்கிலிருந்து பிசுபிசுப்பான சளி, காலில் வரிசையாகக் கட்டிகள், அவை உடைந்து புண் என்றால் ‘கிளாண்டர்ஸ்’ ஆக இருக்கலாம். பராமரிப்பவருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடியது. இந்த நோய் கண்ட குதிரைக்குச் சிகிச்சை கிடையாது; சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான ரத்தப் பரிசோதனையைச் செய்கிறது. அந்தியூர் சந்தை போன்ற இடங்களில் புதிதாக வாங்கிய குதிரையைச் சில வாரம் தனியே கட்டி, ரத்தம் சோதித்த பிறகே மற்றவற்றோடு சேர்ப்பது நல்லது.

விட்டுவிட்டுக் காய்ச்சல், வயிற்றடியிலும் கால்களிலும் வீக்கம், நாளுக்கு நாள் மெலிவு என்றால் கடிக்கும் ஈக்கள் பரப்பும் ‘சர்ரா’வாக இருக்கலாம். இதற்கு மருந்து உண்டு. நேரத்தில் கொடுத்தால் பிழைக்கும்.

யாரை அழைப்பது?

மருந்துக் கடையில் வலி ஊசி வாங்கி நீங்களே போடாதீர்கள். வலி அடங்கும், நோய் அடங்காது. மருத்துவருக்கு வேண்டிய அறிகுறியும் மறைந்துவிடும். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பெரிய விலங்குகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் இலவச எண் 1962. குதிரை வைத்திருப்பவர் இப்போதே அதைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். சவாரி போகிறவர்கள், குதிரை நொண்டுவதைக் கண்டால் ஏறாதீர்கள், உரிமையாளரிடம் சொல்லுங்கள்.