தவளையின் நரம்பும் குழந்தையின் காலும்

"இதனால் யாது பயன்?" என்பது ஆராய்ச்சி செய்வாரை உலகத்தார் எக்காலத்தும் வினவும் வினா. நோயாளியைப் பாராமலும் மருந்தைத் தேடாமலும் உயிரணுவையே உற்று நோக்கியிருப்பவன் காலத்தை வீணே கழிக்கின்றான் என்பாரும் உளர். அவர்தம் ஐயம் நீங்குமாறு உண்மை வரலாறொன்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

நரம்பிழை, ஓர் உயிரணுவினின்றே வளர்ந்து நீள்வதோ, பல அணுக்கள் கூடி ஆவதோ என்று அறிஞர் மாறுபட்டிருந்தனர். அமெரிக்க அறிஞர் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவிற் சிறு துணுக்கை நிணநீர்த் துளியில் இட்டு, பூதக்கண்ணாடி வாயிலாக நோக்கினார். அணுவினின்று இழை நீளுதலைக் கண்டு, 1907-இல் வெளியிட்டார். வழக்குத் தீர வழி பிறந்தது. உடலுக்குப் புறம்பேயும் உயிரணுக்களை வாழ்விக்கலாம் என்பதும் உடன் விளங்கிற்று.

நிற்க. குழந்தைகளை முடமாக்கும் இளம்பிள்ளை வாதத்திற்குத் தடுப்பு மருந்து செய்ய வேண்டின், அதன் வைரஸை மிகுதியாகப் பெருக்கல் வேண்டும். நரம்புத் திசுவிலன்றி அது வளராதென 1936-ஆம் ஆண்டுச் சோதனையொன்று காட்டிற்று. நரம்புத் திசு கலந்த மருந்தோ மூளைக்குத் தீங்கு விளைக்கக் கூடியது. ஆதலின் வழி அடைபட்டுக் கிடந்தது.

பாஸ்டன் நகரில் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் என்னும் மூவர், சின்னம்மை ஆராய்ச்சிக்கென அமைத்த திசுக் குடுவைகளுள் எஞ்சியவற்றில் இவ்வைரஸை இட்டனர். மனிதக் கருவின் தோல், தசைத் திசுக்களிலும் அது வளரக் கண்டு, 1949-இல் அறிவித்தனர். 1954-இல் நோபல் பரிசு பெற்றனர். அவர் காட்டிய நெறியிலே சென்ற ஜோனாஸ் சால்க், குரங்கின் சிறுநீரக அணுக்களில் வைரஸை வளர்த்து, பார்மலினாற் செயலறச் செய்து, தடுப்பூசி ஆக்கினார். அது பயனுடையதென 1955 ஏப்ரல் 12-இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் சேபினின் சொட்டு மருந்தும் வந்தது. இந்தியாவில் இயற்கை வைரஸால் நேர்ந்த இறுதி நோய் 2011 ஜனவரியிலாகும். 2014 மார்ச்சு 27-இல் நம் நாடு இந்நோய் நீங்கியதெனச் சான்று பெற்றது.

ஹாரிசன் வினவியது நரம்பைப் பற்றியே. முடம்பட்ட குழந்தையைப் பற்றியன்று. எனினும் அவ்வினா எழாதிருப்பின் இம்மருந்து இத்துணை விரைவில் கிட்டியிராது. எனவே, மாணவ நண்பர்காள்! ஆய்வுச்சாலையில் உயிரணுவை நோக்குங்கால், பயனை மட்டும் எண்ணி வினாவைச் சுருக்காதீர். உண்மையை உண்மைக்காகவே நாடுவீர். பிறர் துயர் துடைக்கும் பேறு அதன் வழியே வந்தெய்தும்.