அடைத்த கதவும் அடைந்த பயனும்

'அடை' என்னும் வினையடி தமிழிலே இருவகையாய் நடக்கும். அடைதல் என்றால் விரும்பியதை எய்துதல். அடைத்தல் என்றால் திறந்திருந்ததை மூடுதல். ஒரு தகரமெய் மிகுந்த அளவிலே பொருள் எவ்வளவு தூரம் விலகிப் போகின்றது என்பதை 2025ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் வகுப்பிலே விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்து, "ஐயா, அமெரிக்காவிலே அரசாங்கமே தன் கந்தோர்களை அடைத்ததாமே, அடைத்து எதை அடைந்தார்கள்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு விடை தேடப் புகுந்த சிந்தனை, அமெரிக்காவிலே தொடங்கி நம் வன்னி மண்ணிலே வந்து நின்றது.

முதலில் அமெரிக்கச் செய்தியை நோக்குவோம். அந்நாட்டிலே அரசாங்கம் செலவு செய்வதற்குச் சட்டசபையின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கிடையாதாயின் இன்றியமையாதன ஒழிந்த கந்தோர்கள் மூடப்படும். மேற்சபையாகிய செனற்றில் 100 உறுப்பினர். இத்தகைய மசோதா தடையின்றி முன்செல்ல 60 வாக்கு வேண்டும். ஆளும் குடியரசுக் கட்சிக்கு இருந்தவை 53. ஆகவே எதிர்க்கட்சியாகிய சனநாயகக் கட்சியின் கையில் ஒரு பூட்டு இருந்தது. நம் நாட்டிலே அரசினர் வைத்தியசாலையில் கட்டணமின்றி மருந்து பெறுகிறோம். அங்கேயோ பெரும்பாலார் காப்புறுதிப் பணம் கட்டியே வைத்தியம் பெறவேண்டும். அப்பணத்துக்கு அரசு அளித்துவந்த மேலதிக மானியம் 2025ஆம் ஆண்டோடு முடிவதாயிருந்தது. அதனை நீடித்தாலன்றி வாக்களியோம் என்றது சனநாயகக் கட்சி. முதலில் கதவைத் திறவுங்கள், பிறகு பேசலாம் என்றது குடியரசுக் கட்சி. மக்கள் மற்றவரையே பழிப்பர் என்று இருசாராரும் கணக்கிட்டனர்.

ஒக்டோபர் 1ஆந் திகதி மூடிய கதவு 43 நாள் மூடிக்கிடந்தது. இலட்சக்கணக்கான ஊழியர் சம்பளமின்றி இருந்தனர். நாலு கோடிக்கு மேற்பட்ட ஏழைகள் பெறும் உணவு உதவியும் நவம்பரில் தடுமாறியது. ஈற்றில் சனநாயகக் கட்சிப் பக்கத்தவர் எண்மர் மறுபக்கம் வாக்களிக்க, நவம்பர் 12ஆந் திகதி முடக்கம் முடிந்தது. மானியம் குறித்துச் செனற்றிலே ஒரு வாக்கெடுப்பு நடத்தப்படும் என்ற வாக்குறுதியே அவர்கள் பெற்றது. டிசம்பரில் நடந்த அவ்வாக்கெடுப்பில் மானியம் தோற்றது. ஆண்டு முடிவிலே காலாவதியும் ஆயிற்று.

கந்தோர்களை இயங்காமற் செய்வதைக் கட்சியொன்று போராட்ட முறையாகக் கைக்கொள்ளுதல் நமக்குப் புதிதன்று. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் 1961 சனவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, தமிழரசுக் கட்சி சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களின் தலைமையிலே சத்தியாக்கிரகத்தில் இறங்கியது. பெப்ரவரி 20ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே தொடங்கிய மறியல் மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா என்று பரவியது. வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதி அந்நாளிலே வவுனியாக் கச்சேரியையே நம்பியிருந்தது. முல்லைத்தீவு அன்று தனி மாவட்டமன்று. கிளிநொச்சியோ யாழ்ப்பாண மாவட்டத்துள் அடங்கியிருந்தது. அமெரிக்கர் வாக்கினால் அடைத்த கதவை நம்மவர் உடம்பினால் அடைத்தனர். வாயிலிலே அமர்ந்தனர், அடிபட்டனர், திருப்பி அடித்திலர்.

உடம்பினால் அடைக்க வேண்டி வந்தது ஏன்? இங்கேதான் கட்சிக் கணக்கை அறிதல் வேண்டும். 1960 மார்ச்சுத் தேர்தலின் பின் டட்லி சேனநாயக்க அமைத்த சிறுபான்மை அரசு, ஏப்பிரலிலே சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பில் வீழ்ந்தது. அதனை வீழ்த்திய வாக்குகளுள் தமிழரசுக் கட்சியின் வாக்குகளும் இருந்தன. சூலைத் தேர்தலிலோ ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 75 ஆசனம் பெற்றது. தமிழரசுக் கட்சியின் 16 ஆசனமும் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க அவர்களின் ஆட்சிக்கு வேண்டாதனவாயின. சபையிலே தம் வாக்குக்கு விலையில்லாது போனவர் வாயிலிலே வந்து அமர்ந்தனர். நீதி அமைச்சர் வழியாக நடந்த பேச்சும் பயன் தரவில்லை. ஏப்பிரல் 14ஆந் திகதி கட்சி தன் சொந்தத் தபாற் சேவையைத் தொடக்கியது. மூன்றாம் நாள் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. இராணுவம் வந்தது, தலைவர்கள் பனாகொடைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ எட்டு வாரம் அடைத்திருந்த கதவு அவ்வாறு திறந்தது.

1965ஆம் ஆண்டிலே 14 ஆசனம் பெற்ற அதே கட்சியின் ஆதரவு டட்லிக்குத் தேவைப்பட்டது. மார்ச்சு 24ஆந் திகதி ஒப்பந்தம் பிறந்தது. 1966 சனவரியிலே தமிழ்மொழி விசேட ஏற்பாட்டு ஒழுங்குவிதிகள் பாராளுமன்றத்தில் நிறைவேறின. ஏட்டிலே பெற்றது நாட்டிலே முழுதும் நடவாமற் போனது வேறு துன்பம். ஆயினும் வாயிலிலே கிடையாத ஒன்று மேசையிலே கிடைத்தது என்பதை மறுத்தல் இயலாது. வாயிலிலே காட்டிய உறுதி மேசையிலே அவர்தம் சொல்லுக்கு எடை கூட்டியிருக்கும் என்பதையும் நான் மறுக்கமாட்டேன்.

திருக்குறளிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்றல் தற்செயலன்று. செயலின் கடுமையும் தம் ஆற்றலும் மட்டுமன்றி, எதிர்நிற்பவரின் ஆற்றலையும் துணைநிற்பவரின் ஆற்றலையும் தூக்கிப் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். அரசாங்கத்தை முடக்கும் கட்சிகள் முதன் மூன்றையும் ஒருவாறு எண்ணிவிடுகின்றன. நான்காவதிலே தவறுகின்றன. ஏனெனில் இப்போரிலே துணைநிற்பவர் கூட்டணிக் கட்சியினர் மட்டும் அல்லர். அடைத்த கதவின் முன் காத்துநிற்கும் ஏழையும் துணைதான். அவன் எவ்வளவு நாள் தாங்குவான் என்பதே போராட்டத்தின் ஆயுள்.

என் தந்தையார் 1961இலே ஒரு கச்சேரி வாயிலில் அமர்ந்தவர். அதனைப் பெருமையோடுதான் சொல்வார். ஆனால் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். காணி அநுமதிப் பத்திர அலுவலாகத் தொலைவிலிருந்து பஸ் ஏறி வந்த முதிய கமக்காரர் ஒருவர், வாயிலை நோக்கினார், அமர்ந்திருந்தவர்களை நோக்கினார். "நீங்கள் செய்யிறது சரிதான் தம்பி. எப்ப திறப்பியள்?" என்று மட்டும் கேட்டார். "எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை" என்பார் தந்தையார்.

அவ்வினாவுக்கு மறுமொழி வைத்திருந்த அடைப்பும் ஒன்று உண்டு. 1953ஆம் ஆண்டிலே ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது, இடதுசாரிக் கட்சிகள் ஓகத்து 12ஆந் திகதி ஹர்த்தாலுக்கு அழைத்தன. அழைப்பு ஒருநாளுக்கே. கோரிக்கை எந்தக் குடிசைக்கும் விளங்கியது. உயிர்ச்சேதமும் நேர்ந்தது, மந்திரிசபை துறைமுகத்திலே நின்ற பிரித்தானியக் கப்பலிலே கூடவேண்டியதாயிற்று. இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி பதவி துறந்தார். பின்வந்த ஆட்சி விலையை ஓரளவு குறைத்தது.

இவற்றை ஒப்புநோக்கி, கதவை அடைத்தலே தவறு என்று யான் கூறவில்லை. சொல்லுக்குச் செவிகொடாத ஆட்சியின் முன் எளியவனுக்கு வேறு கருவி இல்லாத காலம் உண்டு. 1961இன் கோரிக்கை நீதியானது; அமெரிக்க ஏழையின் வைத்தியச் செலவும் பொய்யான குறையன்று. ஆனால் எது கிடைத்தால் திறப்போம், எது கிடையாவிடினும் எந்நாளில் திறப்போம் என்பவற்றை அடைக்குமுன்னரே துணிந்து, அதனைக் கதவின்முன் நிற்பவனுக்கும் சொல்லிவிடுதல் கட்சியின் கடன். நெடுஞ்சாலை பூட்டியிருந்த காலத்தில் மருந்துக்குக் காத்திருந்து பழகிய வன்னியாருக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் அம்மாணவனுக்கு இவ்வளவையும் சொன்னேன். அவன் சற்றே எண்ணிப் பார்த்து, "அப்படியென்றால் ஐயா, அடைக்கத் தெரிந்தால் போதாது, திறக்கவும் தெரிய வேண்டும்" என்றான்.

இலக்கணப் பாடம் அன்று இனிதே முடிந்தது.