நாயைக் குளிப்பாட்டினால் போதுமா?



கொற்கை என்றதும் உங்களுக்கு முத்துதான் நினைவுக்கு வரும். பாண்டியரின் அந்தப் பழைய துறைமுகம் இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயலும் பனையும் சூழ்ந்த சிற்றூராக இருக்கிறது. அங்கே ஒரு வீட்டுத் திண்ணையைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். காரை உதிர்ந்த பழைய சுவர். அதை ஒட்டி விரித்த சாக்கின்மேல் ஒரு நாய் படுத்திருக்கிறது. ஓயாமல் காதைச் சொறிகிறது. காது மடலைத் திருப்பிப் பார்க்கிறீர்கள். ஆமணக்கு விதை போலச் சாம்பல் நிறத்தில் நாலைந்து உருண்டைகள்! அவைதாம் உண்ணிகள். ஆமணக்குக்கு லத்தீனில் 'ரிசினஸ்' என்று பெயர். அந்தச் சொல்லுக்கு உண்ணி என்றும் பொருள் உண்டு. பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் தோன்றியிருக்கிறது!

வீட்டில் என்ன செய்வார்கள்? உண்ணிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நாயைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் உண்ணி! இவை எங்கிருந்து வந்தன?

மூன்று முறை விருந்து

உண்ணி பூச்சி அல்ல. சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. நம் ஊர் நாய்களில் மிகுதியாகக் காணப்படுவது பழுப்பு நாயுண்ணி. இது தன் வாழ்நாளில் மூன்று முறைதான் இரத்தம் குடிக்கிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால்கள். அது நாயின்மேல் ஏறிச் சில நாள் குடித்துவிட்டுக் கீழே விழுந்துவிடும். எங்காவது ஒளிந்து தோலுரித்து எட்டுக் கால்களுடன் வெளிவரும். மறுபடி ஏறும், குடிக்கும், விழும், தோலுரிக்கும். மூன்றாம் முறை ஏறுவதுதான் முழு வளர்ச்சி அடைந்த உண்ணி. பெண் உண்ணி வயிறு புடைக்கக் குடித்து விழுந்து, சுவர் இடுக்கில் முட்டையிட்டு இறந்துபோகும். ஒரே உண்ணி மூவாயிரம், நாலாயிரம் முட்டைகள்கூட இடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூவாயிரம் முட்டைகளில் நூற்றுக்கு ஒன்று மட்டும் பிழைத்து வளர்ந்தாலும் 30 உண்ணிகள். அவற்றில் பாதி பெண் என்றால், 15 × 3,000 = 45,000 முட்டைகள். அதுவும் இரண்டாம் தலைமுறையிலேயே!

ஆக, உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது நாயின்மேல் அல்ல. சுவர் விரிசலிலும், கதவு நிலைச் சந்திலும், ஓலைக் கூரையின் மடிப்பிலும்தான். மேல்நோக்கி ஏறுவது அதன் இயல்பு. இரத்தம் கிடைக்காவிட்டாலும் வளர்ந்த உண்ணி பல மாதங்கள் காத்திருக்கும். தூத்துக்குடிச் சீமையில் ஆண்டு முழுவதும் வெயில். உறைய வைக்கும் குளிர் இல்லாததால் அதன் பெருக்கமும் நிற்பதில்லை.

தெள்ளுப்பூச்சியும் அப்படித்தான்

தெள்ளு, ஆறு கால்கள் கொண்ட உண்மையான பூச்சி. இறக்கை கிடையாது. ஆனால் பின்கால்களின் அடியில் 'ரெசிலின்' என்ற ரப்பர் போன்ற புரதம் இருக்கிறது. வில்லை வளைப்பது போல ஆற்றலைச் சேர்த்து வைத்து, சட்டென்று விடுவித்துத் தன் உடலின் நீளத்தைப் போல் பல மடங்கு தாவுகிறது.

தெள்ளு நாயின்மேல் முட்டையிட்டாலும் அவை உருண்டு சாக்கிலும் தரையிலும் விழுந்துவிடும். புழு தரைத் தூசியில் வளர்ந்து கூடு கட்டும். கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு காலடி அதிர்வும் உடற்சூடும் உணரும் வரை காத்திருக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் காலெல்லாம் கடிப்பது இதனால்தான். தெள்ளு நாடாப்புழுவையும் பரப்பும். நாய் தன்னைக் கடித்துக்கொள்ளும்போது தெள்ளை விழுங்கினால், அதன் வழியே நாடாப்புழு நாயின் குடலுக்குள் போய்விடுகிறது.

சென்னையில் கண்ட கிருமி

உண்ணி குடிக்கும் இரத்தம் பெரிதல்ல. அது விட்டுச் செல்லும் கிருமிதான் பெரிது. உண்ணியால் நோய் பரவும் என்பதை 1893-இல் அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் ஆகிய இருவரும் மாடுகளில் மெய்ப்பித்தனர். அதன்பின் 1910-இல் நம் சென்னையில் ஒரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றிய பேட்டன் என்ற மருத்துவர், 'மெட்ராஸ் ஹண்ட்' என்ற வேட்டைக் குழுவின் நாய்களின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். சிவப்பணுக்களுக்குள்ளே நுண்ணிய உயிரிகள் இருந்தன! பின்னர் அதே உயிரியை நரியின் இரத்தத்திலும் கண்டார். இன்று உலகின் பல நாடுகளிலும் நாய்களைத் தாக்கும் 'பபீசியா கிப்சோனி' இதுதான். சிவப்பணுக்கள் உடைந்து நாய் சோகை பிடித்துப் போகிறது. 'எர்லிக்கியா' என்ற பாக்டீரியாவையும் பழுப்பு நாயுண்ணி பரப்புகிறது.

நாய் சாப்பிட மறுக்கிறதா? உடம்பு சுடுகிறதா? ஈறு வெளுத்திருக்கிறதா? மூக்கில் இரத்தம் கசிகிறதா? சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறதா? இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இரத்தத்தைச் சோதித்து, எந்தக் கிருமி என்று அறிந்து மருந்து கொடுப்பார்கள். காலம் தாழ்த்தினால் உயிர் போகும்.

என்ன செய்ய வேண்டும்?

உண்ணியைக் கையால் நசுக்காதீர்கள். மனிதருக்கும் காய்ச்சல் தரக்கூடிய கிருமி அதில் இருக்கலாம். முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொன்றுவிட்டுக் கையைக் கழுவுங்கள். காதின் உட்புறம், கழுத்து, கால்விரல்களின் இடுக்கு ஆகிய இடங்களை நாள்தோறும் பாருங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற குட்டை முடி நாய்களில் உண்ணி எளிதில் கண்ணில் படும்.

மண்ணெண்ணெய் தடவவே கூடாது. அது தோலைப் புண்ணாக்கும், நக்கினால் நஞ்சு. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தையும் நாய்க்குப் பூசாதீர்கள். நாய்க்கென்றே பிடரியில் விடும் சொட்டு மருந்துகளும் மாத்திரைகளும் இப்போது கிடைக்கின்றன. சில ஒரு மாதமும் சில மூன்று மாதமும் காக்கும். நாயின் எடையைப் பார்த்து மருத்துவரே அளவு சொல்ல வேண்டும். வீட்டில் பூனையும் இருந்தால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். 'பெர்மெத்ரின்' கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

இனி வீடு. நாய் படுக்கும் சாக்கை வாரந்தோறும் கொதிநீரில் போட்டு எடுத்து வெயிலில் காயவையுங்கள். தரையைக் கூட்டி, குப்பையை எரு குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். விரிசல்களைச் சிமெண்டால் அடைத்து வெள்ளையடிக்கச் சொல்லுங்கள். நாய்க்கான மருந்தைச் சில மாதங்களாவது விடாமல் கொடுக்க வேண்டும். ஏன் தெரியுமா? இன்று சுவரில் இருக்கும் முட்டைகள் இனிமேல்தான் பொரிக்கப் போகின்றன. அவை பசியோடு நாயின்மேல் ஏறும்போது அதன் உடலில் மருந்து இருக்க வேண்டும்.

இன்றிரவு ஒரு சோதனை செய்து பாருங்கள். டார்ச் விளக்குடன் நாய் படுக்கும் இடத்துச் சுவரை அடியிலிருந்து மேல்வரை ஒவ்வொரு விரிசலாகப் பாருங்கள். காணும் உண்ணிகளை ஒரு நோட்டில் எண்ணிக் குறியுங்கள். நாயின்மேல் இருப்பவற்றையும் எண்ணுங்கள். விரிசலை அடைத்து, மருந்து கொடுத்து, வாரம் ஒருமுறை அதே கணக்கை எடுத்து வாருங்கள். எண்ணிக்கை குறைவதை நீங்களே காண்பீர்கள். திண்ணையில் படுத்திருக்கும் அந்த வாயில்லா ஜீவன் காதைச் சொறிவதை நிறுத்திவிட்டு நிம்மதியாக உறங்கும்.