நிலவாகைக்கு ஒரு வெள்ளைத் தகடு

தாமிரபரணித் தண்ணீர் எட்டாத வறண்ட நிலத்திலும் விளையும் நிலவாகைக்கு உலக மருந்து நூல்களில் ‘டின்னெவெலி சென்னா’ என்றே பெயர். மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து. ஆனால் பொடித்துவிட்டால் எல்லா இலையும் பச்சைப் பொடிதான். உள்ளே மருந்தாகச் செயல்படும் சென்னோசைடு இருக்கிறதா என்று எப்படி அறிவது? சிலிக்கா பூசிய கண்ணாடித் தகடு சொல்லிவிடும்.

தகட்டை நாமே செய்யலாம். 30 கிராம் சிலிக்கா ஜெல்-ஜி, 60 மில்லி தண்ணீர். ‘ஜி’ என்றால் ஜிப்சம்; சிலிக்காவைக் கண்ணாடியோடு பிடித்து வைப்பது அதுதான். கட்டியில்லாமல் குலுக்கினால் ஆப்பமாவுப் பதம் வரும். உடனே ஊற்றி, கண்ணாடிக் கோலால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். சில நிமிடங்களில் இறுகிவிடும். பூச்சு கால் மில்லிமீட்டர் கனம் போதும். கண்ணாடியில் விரல் எண்ணெய் பட்டிருந்தால், காய்ந்தபின் அந்த இடம் செதில் செதிலாக உரியும். ஆயத்தத் தகடுகள் கடையில் கிடைக்கின்றன. ஆனாலும் மாணவர்கள் ஒருமுறையாவது கையால் இழுத்துப் பார்க்க வேண்டும்.

காய்ந்த தகட்டை 110 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்குவது ஏன்? சிலிக்காத் துகளின் ஹைட்ராக்சில் குழுக்களை ஈரம் பிடித்துக்கொண்டிருக்கும். அதை விரட்டினால்தான் இலைச்சாற்றுப் பொருள்கள் பற்ற இடம் கிடைக்கும். தகட்டின் அடியில் இலைச்சாற்றைப் பொட்டாக வைத்து, கரைப்பானில் நிறுத்துவோம். கரைப்பான் மேலேறும்போது இறுகப் பற்றியது பின்தங்கும். பிடி தளர்ந்தது முந்தும். 1950களில் இந்தத் தகட்டு முறையைச் சீர்ப்படுத்தியவர் ஜெர்மனியின் எகோன் ஸ்டால்.

கடைசியில் நைட்ரிக் அமிலம் தெளித்து, 120 டிகிரியில் சூடாக்கி, ஆறியதும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தெளிக்க வேண்டும். வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் பட்டைகள் நிறம் பெற்று எழும்: கீழிருந்து மேலாக சென்னோசைடு பி, ஏ, டி, சி.